ஊருணிக் கரையில் ஒருவர்தான் போகலாம்

சர்க்கரை இருநூற்றுப் பத்து என்றார் டாக்டர்.
மாத்திரை பாதி, நடை பாதி என்றார்.
எங்கே நடப்பது என்று மட்டும் சொல்லவில்லை.

காரைக்குடி முடிந்து,
ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் எங்கள் நகர்.
முந்திரித் தோப்பை மனை போட்டு விற்றபோது
பூங்காவுக்கென்று விட்ட முக்கோணத்தில்
எட்டு வடிவில் ஒரு சிமெண்டுப் பாதை.
எட்டு நடந்தால் முட்டிவலி போகும் என்கிறது போர்டு.
எனக்குத் தலைசுற்றல்தான் வந்தது,
லைசென்ஸ் எடுக்கப் போய் இரண்டு முறை
கால் ஊன்றிய ஞாபகமும்.

அங்கே நடப்பவர்கள் எல்லோரும் பேசுகிறார்கள்.
பிளஸ் டூ மார்க், பெயிண்ட் விலை,
மாப்பிள்ளைக்கு எந்த ஊர்.
உமையாள் மிஸ் மட்டும் வாயை இறுக மூடி
கைகளை என்ஜின் தண்டு மாதிரி ஆட்டி
எல்லோரையும் முந்திப் போவார்.
முந்திப் போனாலும் எட்டில்
திரும்ப நம் முதுகுக்குத்தான் வர வேண்டும்.

அதனால் பின்கேட் வழியாக வெளியேறினேன்.
சங்கிலி போட்ட கேட்,
வயிற்றை எக்கினால் நுழையலாம்.
அப்புறம் செம்மண் வண்டித்தடம்.
செருப்பு போதும், ஷூ அதிகப்படி.
ஏற்றம் என்று ஒன்றும் கிடையாது;
ஓரிடத்தில் செம்புறாங்கல் மேடு,
அதை ஏற்றம் என்றால்
கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள்.
யூகலிப்டஸ் மரங்கள் வரிசை தப்பாமல் நிற்கும்,
ரேஷன் கடையில் நமக்குக் கைவராத வரிசை.
மயில் ஆளைப் பார்த்தால்
நடந்தே விலகும்.
பறக்க அதற்கும் சோம்பல்.

தடம் முடிகிற இடத்தில் ஊருணி.
ஆறரை மணி ரயில் போகும்போது
தண்ணீர் மட்டும் லேசாக நடுங்கும்.
மேற்குக் கரையில் மழை அரித்த பகுதி
நாற்பது அடி இருக்கும்.
ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் சீமைக் கருவேலம்.
அதில் ஒருவர்தான் போகலாம்.

எதிரே வந்தவர் வயிரவன்.
பக்கத்து வீடு.
அவர் மாடித் தண்ணீர் எங்கள் சுவரில் இறங்குகிறது.
மூன்று வருஷம்,
நகராட்சிக்கு இரண்டு மனு,
ஸ்டேஷனில் ஒரு சமாதானம்.
என்னைப் பார்த்து அவர் மனைவி சாத்திய ஜன்னல்
இன்னும் திறக்கவில்லை.

முதல் நாள் நான் திரும்பிவிட்டேன்.
இரண்டாம் நாள் அவர்.
மூன்றாம் நாள் இருவருமே திரும்பாமல்
தண்ணீரைப் பார்த்து நின்றோம்,
அதில் பார்க்க ஏதோ இருப்பது போல.
ஒரு முக்குளிப்பான் மூழ்கியது.
எழும் என்று நான் பார்த்த இடத்தில் எழவில்லை.

“அங்கே” என்றார்.

மூன்று வருஷத்தில் முதல் சொல்.
எனக்குச் சொன்னாரா,
தனக்கே சொல்லிக்கொண்டாரா,
கேட்கவில்லை.

பிறகு அவர் கருவேலத்தின் பக்கம் சாய்ந்து வழி விட்டார்.
முள்ளில் சட்டை கிழிந்த சத்தம்
எனக்குப் பின்னால் டர்ரென்று கேட்டது.
நன்றி சொல்லவில்லை. வேகம் கூட்டினேன்.
போனில் அன்று ஆறாயிரத்து இருநூறு காலடி.

அடுத்த வாரத்திலிருந்து ஓர் ஏற்பாடு,
யாரும் பேசி முடிக்காதது.
இருவரும் தெற்கிலிருந்தே தொடங்குகிறோம்.
முன்னால் அவர்,
முப்பது அடி விட்டு நான்.
கரையில் நாய்கள் படுத்திருந்தால்
குனிந்து கல் எடுப்பதுபோல் செய்வார்.
அவை எழுந்து போன பிறகும்
நான் கடக்கும்வரை
செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருப்பார்.
அவர் போடுவது வாரில்லாத செருப்பு.

இந்த மாதம் நூற்று நாற்பத்தெட்டு.
எங்கே நடக்கிறீர்கள் என்றார் டாக்டர்.
வீட்டுப் பக்கம்தான் என்றேன்.

நேற்று ராத்திரி நல்ல மழை.
மாடித் தண்ணீர் வழக்கம்போல எங்கள் சுவரில்.
மூன்றாவது மனுவை எழுதிவிட்டேன்,
கையெழுத்துதான் பாக்கி.
கரை வழுக்கும்,
இன்றைக்கு நடை வேண்டாம் என்று
அவரிடம் யாராவது சொன்னால் தேவலை.